வாசலில் நிற்பவனைக் கேள்

1

என்னுடைய வலது தோள்மூட்டு இப்போது யாழ்ப்பாணத்தில் பளபளப்பான தாளில் அச்சாகி இலவசமாக விநியோகமாகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெருமை எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பண்டத்தரிப்பிலிருந்து தங்கை சாந்தி வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தால்.

அது ஒரு கையேட்டின் முன்னட்டை. பிள்ளைகளை லண்டனுக்குப் படிக்க அனுப்பிவைக்கும் ஏஜென்சி ஒன்று யாழ்ப்பாண நகரத்தில் நகைக்கடை ஒன்றின் மேல்மாடியில் திறந்திருக்கிறதாம், அவர்கள் அச்சடித்தது. பெரிய கண்ணாடிக் கதவொன்று. அதற்கு முன்னால் வெவ்வேறு நிறத்தில் நாலு பிள்ளைகள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்கிறார்கள். அந்தக் கதவுக்குள் புத்தகத்தோடு சிரித்துக்கொண்டு நுழைந்த ஒருவரையும் இந்தப் பதினொரு வருடத்தில் நான் கண்டதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கதவுக்குக் காவல் நிற்பவன் நான்தான்.

படத்தைத் தொடர்ந்து சாந்தியின் குரலும் வந்தது.

"அண்ணை, படத்தைப் பாருங்கோ, உங்கடை யுனிவர்சிட்டி! எங்கடை ஆரணிக்கு அங்கை எக்கனொமிக்ஸ் படிக்க இடம் எடுத்துத் தருவினமாம். நீங்கள் உள்ளுக்கை இருக்கேக்கை எங்களுக்கென்ன பயம்? இவர் அரியாலைக் காணியைக் குடுக்கிறதெண்டு முடிவெடுத்திட்டார்."

ஆரணி சாந்தியின் ஒரே மகள். அரியாலைக் காணி சாந்திக்குச் சீதனமாக வந்து, நாளைக்கு ஆரணிக்கென்று கிடக்கிற ஒரே துண்டு நிலம்.

படத்தை விரலால் இழுத்துப் பெருப்பித்தேன். வலப்பக்க மூலையில், சிரிக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால், கறுத்த மேற்சட்டை போட்ட ஒரு தோளும் அரைவாசி முகமும். தோளில் வோக்கிடோக்கி. முகம் கலங்கிப்போய்க் கிடந்தது. பெற்ற தாய்க்கும் பிடிபட்டிராது. எனக்குப் பிடிபட்டது.

2

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஊருக்குப் பொய் சொன்னவன் அல்ல. பொய் சொல்லவேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

எங்களுடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "எங்கை வேலை?" என்று கேட்பார்கள். "என்ன வேலை?" என்று கேட்கவே மாட்டார்கள். கலியாணம் பேச வருகிறவர்கூடக் கேட்கமாட்டார். வங்கியில் வேலை என்றால் வங்கியில் வேலை. அங்கே காசு எண்ணுகிறாரா, நிலம் கூட்டுகிறாரா என்று தோண்டுவது மரியாதைக் குறைவு. என் அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஊரில் அது பெரிய பேர். அவர் அங்கே சாக்கு மூட்டைக்கு வாய் தைத்தவர் என்பது எனக்குப் பதினேழு வயதில்தான் தெரியும். அதுவும் அவர் சொல்லவில்லை. அவருடைய கையைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன்.

அந்த வழியில் வந்தவன் நான். இந்த வேலை கிடைத்தபோது சாந்தியிடம் "ஒரு யுனிவர்சிட்டியிலை கிடைச்சிருக்கு" என்றேன். அவள் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நான் இரண்டாவது பதில் சொல்லவில்லை. பனி கொட்டிய ஒரு நாளில் சீருடைக்கு மேல் நீளக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். அது இப்போது சாந்தி வீட்டில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். குளிர்ச்சட்டைக்குள் மறைக்கலாம்.

இனி என்னுடைய பல்கலைக்கழகத்தைப் பற்றி. கிழக்கு லண்டனில், மெத்தை விற்கிற கடை ஒன்றுக்கு மேலே மூன்று மாடி. நூலகம் என்று எழுதிய அறையில் புத்தகங்களைவிடக் கதிரைகள் அதிகம். மைதானம் என்று கையேட்டில் போட்டிருப்பது பக்கத்துத் தெருவில் இருக்கிற நகரசபைப் பூங்கா. பொன் உருக்கிற இடத்தில் பூனைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். எங்கள் இடத்தில் பொன்னும் இல்லை, உருக்குவதும் இல்லை. ஆகவே பூனைக்கு நிரந்தர வேலை.

என் வீட்டுக் கதையும் இதே கதைதான். மகன் நிரோ தண்ணீர்க்குழாய் வேலை பழகுகிறான். நல்லாகச் செய்கிறான், சந்தோசமாகவும் இருக்கிறான். தமிழில் நான் நாலு வசனம் கேட்டால் ஆங்கிலத்தில் அரை வசனம் பதில் வரும். ஆனால் அயலில் ஒரு குழாய் ஒழுகினால் அவனைத்தான் தேடுகிறார்கள். ஊருக்கு நாங்கள் சொல்லியிருப்பது "எஞ்சினியரிங் பக்கம்" என்று. இந்தப் "பக்கம்" என்ற சொல் இல்லாவிட்டால் புலம்பெயர்ந்த தமிழன் ஒரு நாளும் தலைநிமிர்ந்து ஊருக்கு ரெலிபோன் எடுக்கமாட்டான்.

3

ஆரணி வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதியவள். ஊர்க் கம்பஸில், அதாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், பொருளியல் படிக்கத் தாராளமாகக் காணும் பரீட்சைப் புள்ளி, எங்களுடைய பாஷையில் இசட் புள்ளி. எங்களுடைய குடும்பத்தில் இதுவும் ஒரு துக்கச் செய்தி. எங்கள் வீட்டில் மனிதப்பிறவி இரண்டு வகை: டொக்டர், எஞ்சினியர். மிச்சமெல்லாம் ஆட்ஸ், அதாவது கலைப்பிரிவு. வர்த்தகமும் ஆட்ஸ்தான், பொருளியலும் ஆட்ஸ்தான். நான் அந்தக் கொள்கைக்காக மூன்று தரம் உயிரியல் எடுத்து மூன்று தரமும் கோட்டைவிட்டவன். தவளையை அறுக்கத்தான் பழகினேன். இப்போது கதவு திறக்கிறேன்.

ஆனால் ஆரணிக்குப் பொருளியல் விபத்தாக வந்ததல்ல. பல வருடங்களுக்கு முன் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவளுடைய அப்பா மகேந்திரன் வெங்காயத் தோட்டக்காரன். அந்த முறை விலை விழுந்து, கிண்டிய வெங்காயம் முற்றத்தில் குவிந்து கிடந்தது. இவள் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாள்:

"அப்பா, போன வருசம் விலை ஏறினதெண்டு இந்த வருசம் எல்லாரும் வெங்காயம் நட்டவை. எல்லாரும் நட்டால் விலை விழும்தானே? பிறகேன் எல்லாரும் நட்டவை?"

மகேந்திரன் "போய்ப் படி" என்றான். அவள் போய் அதையே படித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குடும்பம் வீடியோ கோலில் கூடியது. மகேந்திரன் வெள்ளைச் சேட்டு போட்டு, கையேட்டைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி மடியில் வைத்திருந்தான்.

"மச்சான், இஞ்சை படிச்சு என்ன கண்டது? பட்டத்தை எடுத்துப்போட்டு வேலை தாங்கோ எண்டு றோட்டிலை குந்தியிருக்கிறதோ? ஏஜென்சிக்காரன் சொல்லுறான், உலகத் தரமாம்."

"அவன் அந்த இடத்தைக் கண்ணாலை கண்டவனோ?"

"அவன் ஏன் காணவேணும்? நீங்கள் கண்டனீங்கள்தானே."

ஊரிலேயே விண்ணப்பம் போட்டால் என்ன என்று பேச்சை மாற்றினேன். இலங்கையில் உயர்தரம் முடித்த பிள்ளை, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடநெறி வேண்டுமென்று விருப்ப ஒழுங்கில் எழுதி, குறித்த நாளுக்குள் அனுப்பவேண்டும். நாள் தவறினால் அந்த இடம் போனதுதான். முடிவு நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"போடேல்லை, போடவும் மாட்டம்," என்றான் மகேந்திரன். "ரெண்டு தோணியிலை கால் வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை காணி பாக்க ஆள் வருது."

"ஊரிலையே படிக்கட்டும் மச்சான்."

"ஏன்?"

அந்த 'ஏன்'-க்கு என்னிடம் இரண்டு சொல்லில் பதில் இருந்தது. பதினொரு வருடமாக விழுங்கி வைத்திருந்த பதில். நான் சொன்னது, "இஞ்சை சரியான குளிர்."

ஐம்பத்தாறு வயது மனிதன். வெட்கமில்லாமல் குளிர் என்றேன்.

ஆரணி திரையின் ஓரத்தில் இருந்தாள். அவளைக் கேட்கவேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. படிக்கப் போகிறவளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் கூடிப் படிப்பைத் தீர்மானிப்பது எங்களுடைய இன்னொரு மரபு.

கொஞ்சநேரம் கழித்துச் சாந்தி தனியாக எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணை, உங்கடை நிரோ அங்கை எஞ்சினியரிங். என்ரை பிள்ளை மாத்திரம் உங்கடை தரத்துக்கு வரக்கூடாதோ? உங்களுக்கு எரிச்சலாம் எண்டு இவர் சொல்லுறார். நான் இல்லையெண்டு சண்டை பிடிச்சனான். ஆனால் நீங்கள் குளிரெண்டு சொல்லுறியள்..."

வெளிநாட்டுக்காரன் "வாங்கோ" என்றால் அது அன்பு, "வராதேங்கோ" என்றால் அது எரிச்சல், பொறாமை. வேறு விளக்கம் எங்களுடைய அகராதியில் இல்லை.

4

திங்கட்கிழமை வழமைபோலக் கதவில் நின்றேன்.

காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம். அதில் அட்டையைத் தொட்டால் 'பீப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கிறது என்று குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேரும். வகுப்பில் இருக்கிறதா என்பது வேறு விசயம். ஒரு பிள்ளை வந்து ஐந்து அட்டையைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போகும். ஐந்து பேரும் அந்நேரம் ஏதோ பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். நான் அதை அறிக்கை எழுதவேண்டும். எழுதுவதில்லை. அட்டையைத் தொடுகிற அந்த விரல்களில் பெட்டி மட்டை கீறிய காயங்கள் இருக்கின்றன. எனக்குக் கை பார்த்துத் தொழில் சொல்லத் தெரியும். நிர்வாகத்துக்கும் எல்லாம் தெரியும். அவர்களுக்கு வேண்டியது பீப். பிள்ளைக்கு வேண்டியது விசா. ஊரில் இருக்கிற தகப்பனுக்கு வேண்டியது கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு படம். மூன்று பேருக்கும் வேண்டியது கிடைக்கிறது. படிப்பு ஒன்றுதான் இதில் இடைஞ்சல்.

பொருளியல் விரிவுரையாளர் ஒருவர் சில்லுப் பை இழுத்துக்கொண்டு வருவார். இப்படி மூன்று இடத்தில் பாடம் எடுக்கிறார். ஒருநாள் என்னிடமே கேட்டார், "இன்றைக்கு இங்கேதானே எனக்கு?" என்று. பார்த்துச் சொல்லி மேலே அனுப்பினேன்.

என்னோடு கதவில் நிற்கிற மற்றவள் நஸ்ரின். பங்களாதேஷ்காரி, முப்பது வயது. எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பொருளியல் படித்துப் பட்டம் வாங்கியவள். பட்டமளிப்பு அன்று கறுத்த அங்கியோடு இந்தக் கதவால் வெளியே போனாள்; ஐந்து மாதம் கழித்துக் கறுத்த மேற்சட்டையோடு இதே கதவுக்கு வந்து சேர்ந்தாள். வேலைக்கு எழுதிப்போட்ட இடங்களில் எல்லாம், இந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். மெத்தைக்கடைக்கு மேலே என்று எப்படிச் சொல்வது?

அன்று மத்தியானம் அவளுக்கு என் தங்கை வீட்டுக் கதையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்தாள்.

"என் அப்பாவும் நெல்வயலை விற்றார்," என்றாள். "எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சொல்லவில்லை."

அவள் யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் பேசவில்லை. எனக்குத்தான் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

5

வியாழக்கிழமை மத்தியான இடைவேளையில் கதவுக்கு முன்னால் நின்று வீடியோ கோல் எடுத்தேன். குளிர்ச்சட்டையைக் கழற்றி நஸ்ரினிடம் கொடுத்துவிட்டேன். கறுத்த மேற்சட்டை, மார்பில் அடையாள அட்டை, தோளில் வோக்கிடோக்கி. ஊரில் அப்போது பின்னேரம். மூன்று பேரும் இருந்தார்கள்.

"சாந்தி, என்னை வடிவாப் பார். இதுதான் என்ரை வேலை. நான் இந்த வாசலிலை செக்கியூரிட்டி. வந்த நாள் தொடங்கி செக்கியூரிட்டி. உள்ளுக்கை ஒரு நாளும் இருந்ததில்லை."

சாந்தியின் கண் என்னை விட்டுச் சுவரில் தொங்கிய படத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மகேந்திரன்தான் சிரித்தான்.

"பாத்தியே சாந்தி, பிள்ளை வரக்கூடாதெண்டு மனுசன் ஆற்றையோ உடுப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நிக்கிறார்!"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதினொரு வருடம் உண்மையை மறைத்தவன், அதைச் சொல்லும்போது இப்படியொரு தண்டனை கிடைக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரன் குளிர்ச்சட்டையில் நின்றால் நம்புகிறார்கள், சீருடையில் நின்றால் நாடகம் என்கிறார்கள்.

"மச்சான், உங்கடை கையிலை உந்தக் கையேடு கிடக்குத்தானே. உந்தப் படத்திலை வலப்பக்க மூலையிலை நிக்கிறது ஆரெண்டு பாருங்கோ."

கையேடு கை மாறியது. ஆரணிதான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கையேட்டையும் பார்த்தாள், திரையில் என்னையும் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அப்பா, மாமா."

மகேந்திரனின் சிரிப்பு நின்றது. நான் நஸ்ரினைத் திரைக்கு முன்னால் இழுத்து, இவள் இங்கே பொருளியல் படித்தவள் என்று சொல்லி, இருவரையும் ஆங்கிலத்தில் பேச விட்டேன். ஆரணி சுற்றிவளைக்கவில்லை. உங்களோடு படித்தவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டாள். எங்கே என்று கேட்கவில்லை. என்ன என்று கேட்டாள். எங்களுடைய குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள். நஸ்ரின் விரல் மடித்துச் சொன்னாள்: ஒருத்தி பராமரிப்பு இல்லத்தில், இரண்டு பேர் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், ஒருவன் திரும்பிப் போய்விட்டான், நான் இங்கே நிற்கிறேன்.

ஆரணி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இது எங்கடை வெங்காயக் கதை. போன வருசம் ஒருத்தன் லண்டன் போய் வீடு கட்டினானெண்டு இந்த வருசம் எல்லாரும் லண்டன் நடுகினம்."

மகேந்திரன் அவள் கையிலிருந்த கையேட்டை வாங்கி மடித்தான். வெங்காயத்தைப் பற்றி அவனுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"அப்ப மாமா," என்றாள் என்னிடம், "ஒரு யுனிவர்சிட்டி நல்லதோ இல்லையோ எண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறது? கையேட்டைப் பாத்து ஏலாது. ஏஜென்சிக்காரனைக் கேட்டும் ஏலாது."

"வாசலிலை நிக்கிறவனைக் கேள் பிள்ளை. முதல் கிழமை வாற பிள்ளையள் பத்தாம் கிழமையும் வருகினமோ எண்டு கேள். படிப்பிக்கிறவை எத்தினை மணிக்கு வருகினம் எண்டு கேள். உள்ளுக்கை போனதுகள் எப்ப வெளியிலை வருதுகள் எண்டு கேள். அவனுக்குத் தெரியாத ஒண்டும் அங்கை நடக்காது."

என் வாயிலிருந்து வந்த முதலாவது உருப்படியான புத்திமதி அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

6

வெள்ளிக்கிழமை காணி பார்க்க வந்தவரை மகேந்திரன் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினானாம். அதே நேரத்தில் ஆரணி தாயையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஊர்க் கம்பஸ் வாசலில் போய் நின்றிருக்கிறாள். மலைநாட்டுக் கம்பஸில் படிக்கிற சிநேகிதியின் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, அங்கத்தைய காவலாளியிடம் கொடுக்கச் சொல்லி, அவரையும் அதே மூன்று கேள்வி கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் நல்லது நல்லது என்றாராம். ஊர்க் கம்பஸ் காவலாளி கொஞ்சம் சினந்தவராம்.

"உள்ளுக்கை போறதுகள் வெளியிலை வாறதெண்டால்தானே பிள்ளை," என்று சொல்லியிருக்கிறார். "லைப்ரரியை மூடுறதுக்கு ஒவ்வொரு நாளும் நான் போய்த் துரத்தவேண்டிக் கிடக்கு."

ஒருவர் எரிச்சல்பட்டுச் சொன்னதைத்தான் நம்பலாம் என்பது ஆரணியின் முடிவு. சனிக்கிழமை, கடைசி நாளில், ஊர்க் கம்பஸை முதலாவதாகவும் மலைநாட்டை இரண்டாவதாகவும் போட்டு விண்ணப்பம் போனது. செக்கியூரிட்டியைக் கேட்டு யுனிவர்சிட்டி எடுத்த முதல் ஆள் உலகத்திலேயே தன் மகள்தான் என்று மகேந்திரன் வெங்காயத் தோட்டத்தில் நின்று புலம்பினானாம். காணி அப்படியே கிடக்கிறது.

இனி விண்ணப்பம் போட்ட பிள்ளை உள்ளே காலெடுத்து வைப்பதற்கு எங்களுடைய நாட்டில் எவ்வளவு காலம் எடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதற்குள் இரண்டு போகம் வெங்காயம் போட்டுக் கிண்டலாம்.

இந்த இடைவெளியில் என்னுடைய விசயத்துக்கும் ஊரில் ஒரு ஒழுங்கு செய்துவிட்டார்கள். சாந்தி அயலட்டைக்குச் சொல்லுகிறாளாம்: "அண்ணை அங்கை யுனிவர்சிட்டியின்ரை பாதுகாப்புக்குப் பொறுப்பு." கேட்டபோது சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. உண்மையைச் சொன்னதற்கு எனக்குப் பதவி உயர்வு. படம் இன்னும் சாமிப்படங்களுக்குப் பக்கத்திலேயே, குளிர்ச்சட்டையோடு.

போன வாரம் ஆரணிக்கு முதல் நாள். நான் கதவில் நிற்கும்போது அவளுடைய குரல்செய்தி வந்தது. பின்னால் பஸ் சத்தமும் சனச் சத்தமும்.

"மாமா, அந்த வாசல் ஐயா என்னை மறக்கேல்லை. 'அண்டைக்குக் கேள்வி கேக்க வந்த பிள்ளையெல்லோ? உமக்கு உந்தக் கேள்வியளை ஆர் சொல்லித் தந்தது?' எண்டு கேட்டார். 'என்ரை மாமா, அவரும் உங்களை மாதிரி லண்டனிலை ஒரு யுனிவர்சிட்டி வாசலிலை செக்கியூரிட்டி' எண்டு சொன்னனான். சனம் நிறைய நிண்டது. எங்கடை ஊர் ஆக்களும் நிண்டவை."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அம்மாவும் பக்கத்திலைதான் நிண்டவா, மாமா. 'பாதுகாப்புக்குப் பொறுப்பு' எண்டு என்னைத் திருத்தேல்லை."